அவர் பேரில் வந்த மாத்திரை

எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கான மாத்திரையைக் கொஞ்ச காலம் நான் என் காசில் வாங்கவில்லை, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒருவர் பேரில் இலவசமாக வந்ததைத்தான் தின்றேன் என்பது அங்கே அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் அதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லியே ஆக வேண்டிய இடம் ஒன்று வந்தது. அங்கே நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தோஹா தொழில்பேட்டையில் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் மொத்தமாக விற்கிற கம்பெனி அது. நான் அங்கே கணக்கர். வணிகவியலில் முதுகலை படித்தவன், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்பதால் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த நம் ஆட்களுக்கு எந்த அலுவலகத்தில் எந்தக் காரியம் என்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. நான் ஊருக்குள் நஜ்மா பகுதியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் கிடங்கை ஒட்டிய கேம்ப்பில் இருந்தார்.

அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். நான் அவரைத் தம்பி என்பேன், நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அவர் என்னை சார் என்பார். என் மனதில் அப்போது அவர் 'அவன்'தான். இதை எழுத உட்கார்ந்தபோது 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன். தாமதமான மரியாதை.

அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கூடவே சிறுநீரகத்தில் லேசான கோளாறு. ஹெல்த் கார்டு இருந்ததால் அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதில் சிரமம் இல்லை. மாத்திரைக்குத்தான் ஒரு பங்கு நாம் கட்ட வேண்டும். அவர் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுவதில் அது ஒரு பாரம். அதனால் ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலேயே சமூகநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டிய வியாதி என்று டாக்டர் அறிக்கை கொடுத்தால், குறைந்த சம்பளக்காரர்களுக்கு மருந்துக் கட்டணத்திலிருந்து விலக்கு தருவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"நீங்க ஒரு தடவ கூட வந்து பேசுங்க சார். நான் பேசுனா ஆகுற காரியமும் ஆகாது."

"உனக்குத்தான் இந்தி தெரியுமே."

"ஜல்தி, அச்சா, இது ரெண்டுதான் சார் தெரியும். இத வச்சு வண்டி ஓட்டலாம், வைத்தியம் பாக்க முடியாது."

போனேன். அவருடைய டாக்டர் சூடானைச் சேர்ந்த ஒரு பெண்மணி, உயரமானவர், பேச்சில் நிதானம். ஆங்கிலமும் அரபியும் பேசுவார். அறிக்கையை எழுதிக் கொடுத்தார். சமூகநலப் பிரிவில் இருந்தவர் என்னைப் பார்த்து, இவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். "பிரதர்" என்றேன், சட்டென்று. சில வாரங்களில் விலக்கு கிடைத்தது. அவர் கார்டைக் காட்டினால் மாத்திரைகள் கட்டணம் இல்லாமல் வரும்.

அன்றைக்கு மருத்துவமனை வாசலில் டாக்சிக்குக் காத்திருந்தபோது, "அந்தாளுகிட்ட பிரதர்னு சொன்னீங்கள்ல சார், அது மட்டும் எனக்குப் புரிஞ்சிருச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நல்ல காரியத்தை அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

கேம்ப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். ஊரிலிருந்து வந்தவன் கொண்டுவந்த மாத்திரை, வேலையை முடித்துக்கொண்டு போனவன் விட்டுப்போன மாத்திரை, கிளினிக்கில் கொடுத்ததில் மிச்சம், எல்லாம் அதில் கிடக்கும். தலைவலி, வயிற்றுவலி, பல்வலி எதுவானாலும் அந்த டின்னைத் திறந்து, "எனக்கு இதுதான் கேட்டுச்சு, நீயும் போடு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. ஊறுகாயைப் பங்கு வைப்பது போலத்தான் மாத்திரையையும் பங்கு வைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் அறைக்கு மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை தீர்ந்துபோனது நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் எழுந்து தன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவந்தார்.

"உங்களுக்கும் சுகரு, எனக்கும் சுகரு. ஒரே மாத்திரதான சார். நீங்க வாங்கிக் குடுத்த விலக்கு. உங்களுக்கு இல்லாததா?"

வாங்கிக்கொண்டேன். அதுவரை தவறில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் நான் மருந்துக்கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு வசதி இல்லாமல் இல்லை. என் சம்பளம் அவருடையதைப் போல் பல மடங்கு. இலவசமாக ஒன்று கிடைக்கும்போது எதற்குக் கட்ட வேண்டும் என்ற எண்ணம், அவ்வளவுதான். இதற்கு நல்ல பெயர் ஏதாவது வைக்க முடியுமா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கஞ்சத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் அகப்படவில்லை.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் மருந்து வாங்கி வந்த மறுநாள், பழைய கவர் ஒன்றில் பாதியைப் போட்டு என் மேசைக்குக் கொண்டுவருவார். "சார், உங்க பங்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். "மெதுவா சொல்லுய்யா, கடத்தல் சாமான் மாதிரி இருக்கு" என்பேன் நான். இரண்டு பேரும் சிரிப்போம்.

அவருக்கு எழுதியதில் பாதிதான் அவர் வயிற்றுக்குப் போனது. சர்க்கரை எப்படி இறங்கும்? அடுத்த முறை ரத்தப் பரிசோதனையில் கூடுதலாக இருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பி, எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் அவரைக் கேட்டேன். கேட்கிற மாதிரி கேட்டேன் என்பதுதான் சரி.

"பாதிதான் திங்கிறேன்னு சொல்லிரலாமா சார்?"

"சொன்னா விலக்கை வெட்டிருவாங்க. அப்புறம் உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது."

"அய்யய்யோ, வேண்டாம் சார். முழுசாத் திங்கிறேன்னே சொல்லுங்க."

டாக்டரிடம், "தவறாமல் சாப்பிடுகிறார்" என்றேன். டாக்டர் அளவைக் கூட்டினார். கூட்டியதிலும் பாதி எனக்கு வந்தது. அடுத்த முறையும் சர்க்கரை சரியாகவில்லை. மறுபடி கூட்டினார், கூடவே ஒரு சின்ன மாத்திரையும் சேர்த்தார். அது கொஞ்சம் வீரியமானது, சாப்பிட்டால் நேரத்துக்கு உணவு உண்ண வேண்டும் என்று எச்சரித்தார். அதையும் பங்கு போட்டோம். என் சர்க்கரை அருமையாகக் கட்டுக்குள் இருந்தது. அவருடையது எல்லையைத் தாண்டியே நின்றது. நான் படித்தவன். இது எப்படி நடக்கிறது என்று புரியாமல் இருக்க எனக்கு வழியில்லை. புரிந்தது. பேசாமல் இருந்தேன்.

பிறகு நான் லீவில் ஊருக்குப் போனேன். ஊரில் டாக்டர் எனக்கு வேறு மருந்து எழுதினார். வளைகுடாவில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வது போல, திரும்பும்போது பெட்டியின் ஒரு மூலை முழுக்க மாத்திரைகளை அடைத்துக்கொண்டு வந்தேன். அவர் வழக்கம் போலக் கவரோடு வந்து நின்றார். அந்த முறை நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன்.

"இனிமே எனக்கு வேண்டாம் தம்பி. நான் ஊர்லேருந்து கொண்டாந்துட்டேன். இனி உன்னுதை நீயே முழுசாப் போட்டுக்க. டாக்டர் எழுதுனபடி போடு."

"முழுசாவா சார்?"

"ஆமா. அட்டையில போட்டிருக்குல்ல, அந்தக் கணக்குப்படி."

அந்தக் கணக்கே பொய்யில் ஏறிய கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அந்த அளவை நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து வரவழைத்தோம். இப்போது ஒரே ஆள் அதை விழுங்கப் போகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் போதும். நான் ஊரிலிருந்து வந்த களைப்பில், குவிந்து கிடந்த பில்களைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லி அனுப்பினேன்.

கொஞ்ச நாளில், ஒரு மதிய நேரத்தில் கிடங்கிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. ஓடினோம். அவர் வண்டியில் டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக அலமாரித் தூணில் மோதியிருக்கிறார். பெட்டிகள் சரிந்து நொறுங்கிக் கிடந்தன. நல்ல வேளையாக அந்தப் பக்கம் ஆள் இல்லை. அவர் இருக்கையில் தலை தொங்க உட்கார்ந்திருந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்தது போல வியர்வையில் ஊறியிருந்தது. "யா அல்லா, மர்கயா க்யா", செத்துவிட்டானா, என்று ஒருவர் இந்தியில் கத்தினார். அவர் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. தமிழில் கூப்பிட்டேன். ஏதோ குழறினார்.

ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். நான் பின்னால் காரில் போனேன். போய்ச் சேர்வதற்குள் குளுக்கோஸ் ஏற்றி அவரை நினைவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சர்க்கரை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நான் உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கும் அடி படலியே சார்?" என்பதுதான். இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

மாலைக்குள் அவருடைய டாக்டரே வந்துவிட்டார். ஒரு மலையாளி நர்ஸ் குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். டாக்டர் பழைய பரிசோதனை முடிவுகளைக் கணினியில் பார்த்துவிட்டு என்னிடம் பேசினார்.

"இந்த அளவு மருந்தை இவர் மாதக்கணக்கில் சாப்பிடுகிறார். அப்போதெல்லாம் சர்க்கரை இறங்கவில்லை. இப்போது திடீரென்று இப்படி இறங்கியிருக்கிறது. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று கேளுங்கள். கம்பெனிக்கு நான் எழுத வேண்டும். அதனால் சரியாகத் தெரிய வேண்டும்."

நான் அவரிடம் அதை அப்படியே தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் ஊசி குத்தியிருந்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உள்ளதச் சொல்லிருங்க. ரெண்டு பேரும் பங்கு போட்டுத்தான் தின்னோம், இப்பத்தான் முழுசாத் திங்கிறேன்னு சொல்லிருங்க. இலவசம் போனாப் போகுது. வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதிட்டாங்கன்னா என் பொழப்பே போயிரும் சார்."

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம் ஆங்கிலத்தில் என் நாக்கில் தயாராக இருந்தது. இவருடைய மாத்திரையில் பாதியை நான் சாப்பிட்டேன். அவ்வளவுதான் வாக்கியம். டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக அவர் அறை நாற்காலியில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தவறாமல் சாப்பிடுகிறார், தவறாமல் சாப்பிடுகிறார் என்று அவரிடம் சொன்னவன் நான். சகோதரன் என்று சொன்னவன். கம்பெனிக்குத் தெரிந்தால் கணக்கர் ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் இலவச மாத்திரையைத் தின்றான் என்று கிடங்கு முழுக்கப் பேசுவார்கள். போலீஸ் வருமோ என்றும் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போலீசை விட அந்தப் பேச்சுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

நான் தயங்குவதைப் பார்த்து டாக்டரே கேட்டார். "தானாகவே கூடுதலாகப் போட்டுக்கொண்டாரா?"

"ஆமாம்" என்றேன். "போட்டோமா இல்லையா என்று மறந்துபோய், இன்னொரு தடவை போட்டுக்கொண்டாராம். சில நாட்களாகவே அப்படிச் செய்திருக்கிறார்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அவருக்குப் புரிய வேண்டுமே என்று, சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளில், விரலை ஆட்டி, இது தப்பு, மிகவும் தப்பு என்று சொன்னார். கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. அவர் படுத்தபடியே, "யெஸ் மேடம். சாரி மேடம்" என்றார். பங்கு போட்டதற்காகத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கவனக்குறைவுக்காகக் கேட்கிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். இரண்டும் தெரிந்தவன் நடுவில் நின்றேன்.

பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார். "மருந்தின் அளவுதான் பிரச்சினை என்றால் நான் அளவைக் குறைத்து, கொஞ்ச நாள் கவனித்து, வேலைக்குத் தகுதி என்று எழுதிவிடுவேன். தானே தாறுமாறாகச் சாப்பிடுகிறவரை எந்திரத்தில் உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட முடியாது. உங்களுக்குப் புரிகிறதல்லவா?"

புரிகிறது என்றேன். அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். டாக்டர் கதவருகே போகும்வரை நேரம் இருந்தது.

"சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

"வண்டி ஓட்டக்கூடாதுங்கிறாங்க."

"உண்மையச் சொன்னதுக்கப்புறமுமா?"

"இங்க ரூல் அப்படி தம்பி."

பிடித்திருந்த என் கையை அவர் விட்டுவிட்டார்.

நான் வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ் பின்னாலேயே வந்தார். சின்ன வயதுதான்.

"சாரே, எனக்குத் தமிழ் கேட்டால் தெரியும். அவர் சொன்னது அதல்ல."

"உண்மையச் சொன்னா அவருக்கு மருந்துக் கட்டண விலக்கு போயிரும் சிஸ்டர். அவர் நல்லதுக்குத்தான்" என்றேன்.

"போனாப் போகட்டும்னு அவரே சொன்னாரே."

நான் இன்னொரு தம்ளர் தண்ணீர் பிடித்தேன்.

"நான் டாக்டரிட்ட சொல்லட்டே?"

"வேண்டாம் சிஸ்டர். நானே நாளைக்கு வந்து சொல்றேன். சத்தியமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கும் எனக்கு டியூட்டி உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் போகவில்லை. மாதக் கடைசி, கணக்கு முடிக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நர்ஸ் டாக்டரிடம் பேசினாரா என்று தெரியாது. கம்பெனிக்கு வந்த அறிக்கையில் நான் சொன்னதுதான் இருந்தது.

எங்கள் மேனேஜர் ஜோர்டான்காரர். கெட்ட மனிதர் இல்லை. அறிக்கையைப் படித்துவிட்டு என்னை அழைத்தார்.

"உங்கள் ஊர்க்காரன்தானே. நிஜமாகவே இவ்வளவு அசட்டையான ஆளா? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே."

கேட்ட விதத்தில், நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் வேறு வேலை ஏதாவது கொடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. நான் சொன்னேன், "நல்லவன்தான். ஆனால் கொஞ்சம் கவனம் போதாது." சொல்லாமலே இருந்திருக்கலாம். அவரைக் கவனமானவர் என்று சொன்னால், பிறகு மாத்திரை எப்படிக் கூடியது என்ற கேள்வி வரும். அதற்காகச் சொன்னேன். மேனேஜர் தோளைக் குலுக்கினார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று.

விசாவை ரத்து செய்து அனுப்பிவைத்தார்கள். புறப்படும் நாளில் அவரைப் பார்க்கக் கேம்ப்புக்குப் போனேன். பால்பவுடர், சென்ட் பாட்டில், பிள்ளைகளுக்குச் சாக்லேட் என்று ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் கயிறு கட்டிய பெட்டியைச் சுற்றி நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். "இனிமே வண்டிய யாரு மேல மோதுவ? டிராக்டர எடுத்துறாத" என்றார் ஒருவர். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, ஒரு கவரைக் கொடுத்தார். மிச்சமிருந்த மாத்திரைகள்.

"ஊர்ல எனக்கு வேற எழுதுவாங்க சார். வீணாப் போக வேண்டாம். உங்களுக்கு ஆகும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். குப்பையில் போடவும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்த பிறகு அதையும் தின்றேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. மனைவி போன பிறகு, அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஆலையில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறேன். என் சிறுநீரகமும் இப்போது பழுது. இன்சூரன்ஸ் ஏற்காத சில மருந்துகள் இருக்கின்றன. மகன் எங்கோ விசாரித்து, மருத்துவக் காரணத்தின் பேரில் அந்தக் கட்டணத்தை ஏற்கும் ஒரு தர்ம அமைப்பிடம் எனக்காக விண்ணப்பித்தான். சில வாரங்களுக்கு முன் அதற்காக ஒரு பெண்ணின் எதிரே போய் உட்கார்ந்தோம். மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"மருந்துகளை டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறீர்களா அங்கிள்?"

"சாப்பிடுகிறேன்" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் ஆங்கிலத்தைக் கேட்டு, நீங்கள் ஆசிரியராக இருந்தீர்களா என்று மட்டும் விசாரித்தார். புன்னகையோடு கையெழுத்துப் போட்டார். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் அவர் என்னை அவ்வளவு சுலபமாக நம்பியது தாங்க முடியாமல் இருந்தது. என்னை எல்லோருமே அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரை நம்ப, பாவம், அந்த டாக்டருக்கு நான் வழியே வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஊரில் இருக்கும் அவருக்குப் போன் செய்தேன். எங்களுக்குள் தொடர்பு அறுந்ததில்லை. ரோஜாப்பூப் படம் போட்டு, காலை வணக்கம் என்று வாட்ஸப்பில் தினமும் அவர் அனுப்புவார். நான் கும்பிடும் கையை அனுப்புவேன். அவர் ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன்.

"என்ன சார், அதிசயமா இருக்கு! ஒடம்பு எப்படி இருக்கு? சுகரு அடங்கி நிக்குதா?"

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். டாக்டர் கேட்டதையும், நான் சொன்னதையும், மேனேஜரிடம் சொன்னதையும் சொன்னேன். மறுமுனையில் யாரோ இரும்பு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்ப நாம பங்கு போட்டத அந்தம்மாகிட்ட நீங்க சொல்லவே இல்லையா சார்?"

"இல்ல."

"நான் சாரி மேடம்னு சொன்னேனே. அது எதுக்குன்னு அவங்க நெனச்சிருப்பாங்க?"

"நீ மாத்திரையத் தாறுமாறாப் போட்டதுக்குன்னு நெனச்சாங்க."

"நான் ஒரு நாளும் அப்படிப் போட்டதில்லையே சார்."

"தெரியும் தம்பி."

"நாம பங்கு போட்டதுனாலதான் தொரத்திட்டாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். என் பொண்டாட்டி இன்னமும் கேக்கும், உண்மையச் சொல்லியுமா வேலைய விட்டு அனுப்புனாங்கன்னு. அந்த ஊரு சட்டம் அப்படின்னு சொல்லி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுப் பசங்க வெளிநாடு போறப்பவும் அதத்தான சொல்லி அனுப்புறேன், அங்க போயி ஆஸ்பத்திரியில உள்ளதச் சொல்லிறாதீங்கடான்னு."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"இன்னைக்கு வீட்டுக்குப் போயி அவகிட்ட என்னன்னு சொல்றது சார்?"

"நான் வேணா பேசுறேன் தம்பி. நானே அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன்."

"நீங்க சொல்லுவீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்றது இந்தத் தடவ நெசமான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வர்றேன்" என்று அவர்களுக்குப் பதில் சொன்னார். என்னிடம் வைக்கிறேன் என்று சொல்லவில்லை.